நாலாவது இடம் போதும் என்று நினைத்தவர்

சீட்டாட்டத்தில் 25 லட்சம் டாலர் ஜெயித்த ஒருவருக்கு 'மனிமேக்கர்' என்று பெயர். அதாவது, 'பணம் பண்ணுபவர்'. யாரோ பத்திரிகைக்காரர் வைத்த பட்டப்பெயர் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. கிறிஸ் மனிமேக்கர் என்பது நிஜப் பெயர். மனிமேக்கர் என்பது அவர் குடும்பத்தின் பெயர்.

2003-ல் அவருக்கு 27 வயது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் அக்கவுன்டன்ட் வேலை. அடுத்தவர் வரவு செலவைச் சரிபார்ப்பவருக்குச் சொந்தக் கணக்கில் மட்டும் துண்டு விழுந்துகொண்டே இருந்தது. விளையாட்டுப் பந்தயங்களில் பணம் கட்டிக் கடன் சேர்த்த பழக்கம் கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டரில் போக்கர்.

அப்படி ஒருநாள், நூறு டாலருக்கும் குறைவான கட்டணம் கட்டி ஒரு ஆன்லைன் போட்டியில் சேர்ந்தார். போக்கர் உலகில் இதை 'சாட்டிலைட்' என்பார்கள். சின்னப் போட்டியில் ஜெயித்தால், பெரிய போட்டியில் ஆட இடம் கிடைக்கும். அவர் குறி வைத்தது, லாஸ் வேகாஸில் 1970-லிருந்து நடந்துவரும் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டி. நேராகப் போய்ச் சேர 10,000 டாலர் கட்ட வேண்டும்.

இங்கேதான் கதையில் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. சாட்டிலைட்டின் கடைசிச் சுற்றில் முதல் மூன்று பேருக்கு லாஸ் வேகாஸ் இடம். நாலாவதாக வருபவருக்கு 8,000 டாலர் ரொக்கம். நம் ஆள் எதற்கு ஆசைப்பட்டார் தெரியுமா? நாலாவது இடத்துக்கு! கடனை அடைக்கலாமே என்ற கணக்கு. நண்பர் ஒருவர்தான், "பெரிய போட்டிக்குப் போ, உன் செலவில் நான் பங்கு போடுகிறேன்" என்கிற மாதிரி பேசி மனதை மாற்றினார். கடைசியில் அப்பாவும் இன்னொரு நண்பரும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். ஜெயித்தால் அவர்களுக்கும் பங்கு.

லாஸ் வேகாஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதி. மொத்தம் 839 ஆட்டக்காரர்கள். பலர் இதையே தொழிலாக வைத்திருப்பவர்கள். மனிமேக்கருக்கோ, ஒரு போட்டியில் எதிராளியின் முகத்தைப் பார்த்து ஆடுவதே அதுதான் முதல் முறை. தொப்பி, கறுப்புக் கண்ணாடி சகிதம் உட்கார்ந்தார். கண் காட்டிக் கொடுத்துவிடக் கூடாது இல்லையா?

போக்கர் தெரியாதவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு ரகசியமாகக் கையில். ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக மேஜையில். இந்த ஏழில் சிறந்த ஐந்தை யார் சேர்க்கிறாரோ அவருக்குப் பணம். ஆனால் நடுவிலேயே பந்தயத்தை ஏற்றி எதிராளியைப் பயமுறுத்திவிட்டால், சீட்டைக் காட்டாமலே ஜெயிக்கலாம். ரம்மியில் கை சரியில்லை என்றால் ஸ்கூட் விடுவோம். போக்கரில் கை சரியில்லாதவர், நல்ல கை வைத்திருப்பவரை ஸ்கூட் விட வைக்க முடியும். நம் ஊர் பாஷையில், பாவ்லா.

அந்தப் பாவ்லாவில் ஒன்று சரித்திரமாகிவிட்டது. கடைசியில் இரண்டே பேர் மிச்சம். எதிரே, பற்ற வைக்காத சிகரெட்டை வாயில் வைத்தபடி சாமி ஃபர்ஹா. பழம் தின்று கொட்டை போட்ட தொழில்முறை ஆட்டக்காரர். மனிமேக்கர் கையில் ஒரு ராஜா, ஒரு ஏழு. மேஜையில் விழுந்த ஐந்து சீட்டிலும் எதுவும் சேரவில்லை. ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடி இருந்தது. காட்டினால் தோல்வி நிச்சயம். மனிமேக்கர் தன் முன்னால் இருந்த மொத்தத்தையும் பந்தயமாக வைத்தார். ஃபர்ஹா யோசித்தார்... யோசித்தார்... சீட்டைக் கவிழ்த்துவிட்டார்!

சிறிது நேரத்தில் ஆட்டம் முடிந்தது. மனிமேக்கருக்கு 25 லட்சம் டாலர். இரண்டாவதாக வந்த ஃபர்ஹாவுக்கு 13 லட்சம்.

துணிச்சலும் சாமர்த்தியமும் இல்லாமல் அந்தப் பாவ்லா இல்லை. சரி, முழு வெற்றியுமே சாமர்த்தியம்தானா?

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். மீதி பத்துப் பேர். மனிமேக்கருக்கு எதிரே ஃபில் ஐவி. பின்னாளில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் என்று பெயர் எடுத்தவர். நாலு பொதுச் சீட்டு விழுந்தபோது ஐவியின் கை மேலே. இன்னும் ஒரே ஒரு சீட்டு பாக்கி. கண்ணுக்குத் தெரியாத 44 சீட்டுகளில் மனிமேக்கரைக் காப்பாற்றக்கூடியவை ஏழுதான். விழுந்தது ஏஸ். அந்த ஏழில் ஒன்று! ஐவி எழுந்து போனார். அதற்கும் முன்பு, கையில் இரண்டு ஏஸ் வைத்திருந்த ஹம்பெர்டோ பிரெனெஸை வெறும் எட்டு ஜோடியோடு எதிர்த்து, மேஜையில் இன்னொரு எட்டு விழுந்ததால் தப்பினார்.

நூறு தடவை ஆடினால் ஐவியிடம் அவர் ஏறக்குறைய 84 தடவை தோற்றிருப்பார். நடந்தது ஒரே தடவை. அது மீதி 16-ல் விழுந்தது.

ஆனால் டி.வி-யில் பார்த்தவர்கள் மனதில் நின்றது பாவ்லாதான். மேஜைக்குள் பதித்த குட்டிக் கேமரா ரகசியச் சீட்டுகளை நேயர்களுக்குக் காட்டியது. 'அட, இந்த அக்கவுன்டன்ட்டால் முடியும் என்றால் என்னால் முடியாதா?' என்று வீட்டுக்கு வீடு தோன்றியது. அடுத்த ஆண்டு முதன்மைப் போட்டிக்கு வந்தவர்கள் 2,576 பேர். 2006-ல் 8,773 பேர். மூன்றே வருடத்தில் பத்து மடங்கு! இதற்கு 'மனிமேக்கர் எஃபெக்ட்' என்றே பெயர் வந்துவிட்டது. அவரும் அக்கவுன்டன்ட் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஆட்டக்காரரானார். 2019-ல் போக்கரின் புகழ்பெற்றோர் பட்டியலிலும் சேர்க்கப்பட்டார். ஆனால் அந்த முதன்மைப் போட்டியை மட்டும் இரண்டாம் முறை ஜெயிக்கவில்லை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2003-ல் அந்த 839 பேரில் பரிசுப் பணம் பெற்றவர்கள் 63 பேர். மீதி 776 பேர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். அவர்களிலும் அக்கவுன்டன்ட்கள் இருந்திருப்பார்கள். கடன்காரர்கள் இருந்திருப்பார்கள். பங்கு போட்ட அப்பாக்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயரில் எந்த எஃபெக்ட்டும் இல்லை.

சாமர்த்தியமா, அதிர்ஷ்டமா என்ற இந்த விவாதம் நம் ஊர் நீதிமன்றம் வரை வந்தது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதமே பார்க்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை போட்டது. மனிமேக்கர் கதையைப் படித்தால் இரண்டு தரப்பும் எங்கிருந்து பேசுகிறது என்று புரியும். திறமை இருக்கிறது, நிஜம்தான். ஆனால் திறமைசாலி ஐவியையும் ஒரே ஒரு சீட்டு வீட்டுக்கு அனுப்பிவிடும்.

தேர்ந்த போக்கர் ஆட்டக்காரர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே இதுதான்: ஆட்டத்தின் பலனை வைத்து, எடுத்த முடிவு சரியா தப்பா என்று சொல்லாதே. தப்பான முடிவும் ஜெயிக்கும், சரியான முடிவும் தோற்கும். சீட்டாட்டத்துக்கு மட்டுமா இது? ஹெல்மெட் போடாமல் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தவரும், யாரோ சொன்னார்கள் என்று ஷேர் வாங்கி லாபம் பார்த்தவரும், "எனக்கு ஒன்றும் ஆகலையே" என்றுதானே நமக்குப் புத்தி சொல்கிறார்கள்?

நண்பர் பேச்சைக் கேட்டு லாஸ் வேகாஸ் போனது மனிமேக்கருக்குப் பலித்தது. அதற்காக, 8,000 டாலர் வாங்கிக் கடனை அடைக்க நினைத்த அந்த இரவில் அவர் போட்ட கணக்கு தப்பாகிவிடாது. கடன் இருக்கும் வீட்டில் அதுதான் சரியான கணக்கு. அடுத்த முறை யாராவது இந்த ஜெயித்த கதையை உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ சொன்னால், அவர் ஆசைப்பட்ட அந்த நாலாவது இடத்தையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.