இடம் மாறிய னகரம்

களுவாஞ்சிக்குடியிலே, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்த உறவினர் இல்லமொன்றில் அண்மையில் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தேன். உயர்தர வகுப்பிற் பயிலும் என் மருமகள் கணினியின் முன் அமர்ந்து, வாசிகசாலை அங்கத்தவர்களின் ஊர்ப்பெயர்களை அகரவரிசைப்படுத்தும் செய்நிரல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாள். இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழியை அதற்குக் கையாண்டாள். திடீரென, "மாமா, இதைப் பாருங்கள். கன்னங்குடா முந்திக்கொண்டு நிற்கிறது!" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். கன்னங்குடா, கல்லாறு, களுவாஞ்சிக்குடி என அடுக்கியிருந்தது பொறி. நெடுங்கணக்கு கற்ற சிறுபிள்ளையும் கன்னங்குடாவை இறுதியிலன்றோ வைக்கும்? தமிழ் மெய்களுள் கடைசியானது னகரமே. வேறோரிடத்தில் மண்டூருக்கு முன்னே மணற்பிட்டி நின்றது.

பொறியின்மீது குற்றமில்லை. அது எழுத்தை அறியாது. எழுத்துக்கு இடப்பட்ட எண்ணையே அறியும். 1991ஆம் ஆண்டு வெளிவந்த ஒருங்குறி, இந்திய மொழிகளுக்கென 1988இல் வகுக்கப்பட்ட குறியீட்டைப் பின்பற்றியது. பல மொழிகளின் ஒத்த எழுத்துக்கள் ஒத்த இடத்தில் அமையவேண்டுமென்பதற்காக, னகரம் நகரத்தின் அருகிலும் றகரம் ரகரத்தின் அருகிலும் குடியேற்றப்பட்டன. புள்ளியோ எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னே தள்ளப்பட்டது. எண்களை அடுக்கச் சொன்னாலும் இம்மொழி, வேறு கட்டளை இல்லாவிடின், அவற்றையும் சொற்களாகவே கருதும். 9, 10, 100 என்பவற்றை 10, 100, 9 என்று வைக்கும்.

வரிசைப்படுத்தலில் இரண்டு வேலைகள் உள. ஒன்று இடம்மாற்றுதல், மற்றது ஒப்பிடுதல். இடம்மாற்றும் வழிகள் பல. சீட்டாடுவோர் புதிய சீட்டைக் கையிலுள்ளவற்றிடையே உரிய இடத்திற் செருகுவதும் அவற்றுள் ஒன்று. கொழும்பிலே 1934இற் பிறந்த ஆங்கிலேயர் ரொனி ஹோர், 1959இல் மொஸ்கோவில் மாணவராயிருந்தபோது விரைவு வரிசையாக்கம் என்னும் புகழ்பெற்ற வழியைக் கண்டார். ருஷ்யச் சொற்களை அகராதியோடு ஒப்பிட்டு மொழிபெயர்க்கும் முயற்சியே அதற்குத் தூண்டுகோலாயிற்று. எவ்வழி கொண்டாலும், எது முன், எது பின் என்னும் தீர்ப்பை நாமே வழங்கவேண்டும்.

மருமகள் அதற்கொரு வழி கண்டாள். உயிர் 12, ஆய்தம் 1. பின்னர் ஒவ்வொரு மெய்க்கும் அதன் உயிர்மெய்களோடு 13 இடங்கள். இவ்வாறு 247 எழுத்துக்களுக்கும் நெடுங்கணக்கின்படி எண்ணிட்டாள். 'ல்' 170, 'ளு' 214, 'ன்' 235. 'ண்' 79, 'ண' 80. இரு சொற்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, முதலாவது முந்தவேண்டின் மறை எண்ணும், பிந்தவேண்டின் நேர் எண்ணும், சமமாயின் பூச்சியமும் விடையாகத் தரும் சிறு பகுதியை எழுதிச் சேர்த்தாள். மறுகணமே கல்லாறு, களுவாஞ்சிக்குடி, கன்னங்குடா என ஊர்கள் ஒழுங்காய் நின்றன. மண்டூரும் மணற்பிட்டிக்கு முன்னே வந்தது. தமிழ் என்று மொழியின் பெயரைக் குறித்து ஒப்பிடச் செய்யும் வசதியும் ஜாவாஸ்கிரிப்டில் உண்டு. ஆயினும் அதனைக் கேட்டாற்றான் பெறலாம்.

இத்துணைச் சிறு பிழையால் என்ன கேடு என்று சிலர் எண்ணக்கூடும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளின் பின்னர், உற்றாரின் பெயரைத் தேடி அலைந்த நாட்களை இக்கரையோர மக்கள் மறந்திலர். நீண்டதொரு பட்டியலில், இருக்கவேண்டிய இடத்தில் இல்லாத பெயர், தேடுவோர் கண்ணுக்கு இல்லாத பெயரே. உதவிப் பட்டியலாயினும் பரீட்சைப் பெறுபேறாயினும் இதுவே நிலை.

ஆகவே, தமிழ்ப் பெயர்களைக் கணினியில் ஏற்றும் இளைஞர்க்கு ஒரு சொல்: பொறி அடுக்கித் தந்ததை அப்படியே ஏற்றுவிடாதீர். பட்டியலைத் திறந்து, னகரம் எங்கே நிற்கின்றதென்று ஒருமுறை பாருங்கள்.