தாழம்பூவை மீண்டும் பொய்ச்சாட்சிக்கு அழைக்காதீர்கள்

இந்திய மணப்பொருள் மரபைப் பற்றிய கருத்தரங்கு ஒன்றுக்கு அண்மையில் சென்றிருந்தேன். பங்கேற்றவர்களுக்கு நினைவுப் பரிசாகச் சிறு குப்பியில் கேவடா அத்தர் தந்தார்கள். கேவடா என்பது நம் தாழம்பூதான். இரண்டு நாள் அமர்வுகளில் வராகமிகிரரின் பிருகத் சம்கிதை வந்தது. அதன் கந்தயுக்தி அதிகாரமும், பதினாறு பொருள்களில் நான்கு நான்காகச் சேர்த்தால் 1820 கலவைகள் கிடைக்கும் என்ற கணக்கும் வந்தன. அபுல் ஃபசலின் அயினி அக்பரி வந்தது. பன்னீர் அத்தரைக் கண்டவர் நூர்ஜகானின் தாயார் என்று ஜகாங்கீர் எழுதிய செய்தி மூன்று கட்டுரைகளில் வந்தது. தாழை மரம் மட்டும் ஒருமுறைகூட வரவில்லை. குப்பி எல்லார் பையிலும் இருந்தது. அதனுள் இருந்த பூவை யார் பறித்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வெட்கமே இந்தப் பதிவுக்குக் காரணம்.

என் வாதம் இதுதான். நம் ஆய்வுலகம் மணத்தின் வரலாற்றைச் செப்புப் பாத்திரத்தில் தொடங்கி அரண்மனையில் முடிக்கிறது. பாத்திரத்துக்கு முன்னால் நிற்கும் மரத்தையும், குப்பிக்குப் பின்னால் நிற்கும் சந்தையையும் அது தொடுவதில்லை. அவ்வாறு எழுதப்படும் மரபு வரலாறு ஆய்வு என்ற பெயருக்கு உரியதன்று; நாகரிகமாக எழுதப்பட்ட விளம்பரம் என்றே அதைச் சொல்ல வேண்டும்.

முதலில் மரம். இந்தியாவின் கேவடா வாசனைப் பொருளில் பெரும்பகுதி ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டக் கடற்கரையிலிருந்து வருகிறது. அங்கே தாழை வயல் வரப்புகளிலும் வாய்க்கால் கரைகளிலும் வேலியாக நிற்கிறது. மணலைப் பிடித்து வைக்கிறது. தாழையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. வாசனைத் தொழிலுக்கு வேண்டியது ஆண் மரத்தின் பூங்கொத்து மட்டுமே. இலையின் இரு ஓரங்களிலும் நடு நரம்பிலும் முள் வரிசை உண்டு. மழைக்காலத்தில், வெயில் ஏறுமுன், நீண்ட கழியின் நுனியில் கட்டிய அரிவாளால் அந்த முள்ளுக்குள்ளிருந்து பூவை அறுத்து இறக்குகிறார்கள். எந்தப் பூ இன்று விரியும், எது நாளைக்கு என்பதை மடலின் நிறத்தையும் மணத்தையும் கொண்டு அறிவது ஓர் அறிவு. அதை எந்தப் பாடநூலும் கற்பிப்பதில்லை. நம் மேற்கோள் பட்டியல்களிலும் அதற்கு இடமில்லை.

அடுத்து நேரம். தாழம்பூவின் மணம் மணிக்கணக்கில் குறையும். அதனால்தான் பூவைக் கன்னோஜுக்குக் கொண்டுபோகாமல், கன்னோஜ் வணிகர்கள் தம் வடிகலன்களோடு கஞ்சாமுக்கு வந்தார்கள். டேக் எனும் செப்புக் கலத்தில் பூவும் நீரும். கீழே விறகுத் தீ. மூங்கில் குழாய் வழியே ஆவி நீர்த்தொட்டியில் அமிழ்ந்திருக்கும் பப்கா எனும் கலத்துக்குப் போய்க் குளிரும். பப்காவில் முன்கூட்டியே ஊற்றியிருக்கும் சந்தன எண்ணெய் அந்த மணத்தை உண்டு வைத்துக்கொள்ளும். இந்த நுட்பத்தை நம் கட்டுரைகள் வியந்து வருணிக்கின்றன. அதன் பொருளாதாரத்தை மட்டும் சொல்லாமல் விடுகின்றன. வடித்த எண்ணெய் ஆண்டுக்கணக்கில் விலைக்காகக் காத்திருக்கும். பறித்த பூ மாலை வரைகூடக் காத்திருக்காது. பேரத்தில் யார் கை ஓங்கும் என்பது இந்த ஒரு வேறுபாட்டிலேயே தீர்ந்துவிடுகிறது.

சட்டம் இதைச் சரிசெய்கிறது என்பார்கள். கஞ்சாம் கேவடா பூவும் கஞ்சாம் கேவடா ரூஹும் புவிசார் குறியீடு பெற்றவை; கன்னோஜ் வாசனைத் திரவியமும் அவ்வாறே. ஆனால் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையில் எடுத்து, 2ஆம் பிரிவில் உற்பத்தியாளர் என்ற சொல்லுக்கான வரையறையைப் படித்துப் பாருங்கள். வேளாண் பொருளாயின் விளைவிப்பவர் இருக்கிறார், பதப்படுத்துபவர் இருக்கிறார், பொட்டலமிடுபவர் இருக்கிறார், அவற்றில் வணிகம் செய்பவரும் இருக்கிறார். பிறர் வேலியில் கூலிக்குப் பூ அறுப்பவர் என்ற ஆளை அந்த வரையறை பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. ஓர் ஊரின் பெயருக்குக் காப்பளிக்கும் சட்டம், அந்த ஊரில் விடியற்காலையில் கையைக் கிழித்துக்கொள்பவரைக் காணாமலே இயங்க முடியும். ‘புவிசார் குறியீடு மரபைக் காக்கிறது’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடும் ஆய்வாளர் இந்த வரையறையைப் படித்திருப்பாரா என்பது எனக்கு ஐயம்.

இனி, வாங்குபவர். குப்பிகளைப் பார்த்துவிட்டு அத்தரின் சந்தை திருமண வீடும் தர்காவும் பிரியாணிச் சட்டியும்தான் என்று நாம் நம்பிக்கொள்கிறோம். அவையும் உண்டு. ஆனால் கேவடாவையும் கன்னோஜின் வாசனைகளையும் பெருமளவில் வாங்கிவந்தது பான் மசாலாவும் ஜர்தாவும் குட்காவும் செய்யும் தொழில். புகையிலையின் காரத்தையும் கசப்பையும் மறைக்க மணம் வேண்டும். 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் உணவுப் பொருளில் புகையிலை சேர்க்கத் தடை விதித்தன. 2012இல் மத்தியப் பிரதேசம் தொடங்கி மாநிலங்கள் குட்காவைத் தடைசெய்தன. வணிகம் உடனே வழி கண்டது: மணமூட்டிய பான் மசாலா ஒரு பொட்டலம், புகையிலை இன்னொரு பொட்டலம், கலப்பது வாங்குபவர் உள்ளங்கையில். 2016-17 புகையிலைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் 15 வயது நிறைந்தோரில் 21.4 விழுக்காட்டினர் புகையற்ற புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். வாய்ப்புற்று மருத்துவமனையின் வரிசையில் நிற்பவருக்கும் நம் கருத்தரங்கின் குப்பிக்கும் இடையே ஒரு வணிகத் தொடர்பு இருக்கிறது. அதை எழுதாத மணவரலாறு பாதி வரலாறு.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது: ‘குற்றவாளி செயற்கை வாசனை, இயற்கை அத்தரை மீட்டால் எல்லாம் சரியாகும்.’ எனக்கு இதில் உடன்பாடில்லை. தாழம்பூ எண்ணெயின் மணத்துக்குப் பெரிதும் காரணமான பினைல் எத்தில் மெத்தில் ஈதரை ஆய்வகத்திலும் செய்யலாம், மூலக்கூறு அதேதான். சந்தனமும் அருகிவிட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1998இலேயே அதை அழிவாய்ப்புள்ள இனமாகக் குறித்தது. விலை ஏறியதும் பல வடிகலன்களில் சந்தன எண்ணெயின் இடத்தைத் திரவ பாரஃபின் பிடித்தது. ஆகவே இயற்கை என்ற சொல் குப்பியின் மேல் இருப்பதால் மட்டும் எதுவும் உறுதியாகிவிடாது. செயற்கை வாசனை வந்ததால் உண்மையில் ஆபத்துக்குள்ளாவது வேலியும் கூலியும். பூவுக்கு விலை இல்லையென்றால் தாழை வெட்டப்படும். 2013இல் பைலின் புயல் கரையேறிய கடற்கரை அது. அங்கே ஒரு வேலி போவது சின்ன இழப்பில்லை.

இரண்டாவது மறுப்பு வலுவானது: ‘புகையிலைத் தொடர்பை உரக்கச் சொன்னால் சந்தை சுருங்கும், முதலில் பட்டினி கிடப்பவர் பூ அறுப்பவர்தானே?’ உண்மை. அந்தச் சுமை என் வாதத்தின் மேல் இருக்கிறது. அதை இறக்கிவைக்க எனக்கு எளிய வழி இல்லை. ஆனால் மௌனமும் அவரைக் காக்கவில்லை. தடை வந்தபோதும் புயல் அடித்தபோதும் மலிவான செயற்கை வாசனை வந்தபோதும் அடி முதலில் அவர்மேல்தான் விழுந்திருக்கும். எண்ணிக்கையிலும் ஆவணத்திலும் இல்லாத ஒருவருக்கு இழப்பீடு கேட்கக்கூட இடமில்லை. அவரைச் சாக்காகக் காட்டி நாம் காக்கும் மௌனம் அவர் முதலாளிக்கே பயன்படுகிறது.

ஆகவே மாணவ நண்பர்களுக்கும் அவர்தம் நெறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்து மணம், மலர், அத்தர் பற்றி எழுதும்போது மூன்று கேள்விகளுக்கு விடை தேடாமல் கட்டுரையை முடிக்காதீர்கள். பூவை யார் பறித்தார், அன்று அவருக்கு என்ன கிடைத்தது? வடித்த எண்ணெய் எந்தப் பொருளுக்குள் போயிற்று? புவிசார் குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயனர் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை? இதற்குப் பாரசீகம் வேண்டியதில்லை. ஒடியா பேசத் தெரிந்த ஒரு தோழரும், விடியற்காலை நான்கு மணிக்கு எழும் வழக்கமும், வரப்பில் நடக்க ஒரு செருப்பும் போதும். பாரசீகம் அறிந்தவர்கள் அதையும் செய்யட்டும்; இரண்டும் ஒரே நூலில் சந்திக்க வேண்டும் என்பதே என் ஆசை.

அடிமுடி தேடிய கதையை நாம் அறிவோம். முடியைக் கண்டதாகப் பிரமன் சொன்ன பொய்க்குத் தாழம்பூ சாட்சி சொன்னது. அதனால் சிவபூசையிலிருந்து விலக்கப்பட்டது. பொய் பிரமனுடையது, பூசையை இழந்தது பூ. இன்று ‘தூய மரபு’ என்ற நம் கட்டுரைத் தலைப்புக்கு அதே பூவைச் சாட்சியாக நிறுத்துகிறோம். அந்தக் குப்பி இன்னும் என் மேசையில் இருக்கிறது. மணம் அருமையாகத்தான் இருக்கிறது. யாருடைய உழைப்பு என்று எழுதாமல் அதைப் பூசிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.