ஜகபர் அலி கொலையும் 11 ஆண்டுகளாக உறங்கும் சட்டமும்

புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பகுதியில் நடக்கும் சட்டவிரோதக் கல்குவாரிகள் குறித்து அதிகாரிகளிடம் தொடர்ந்து மனு கொடுத்து வந்தவர் ஜகபர் அலி. முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர், அதிமுக நிர்வாகி. 2025 ஜனவரி 17 அன்று ஜும்ஆ தொழுதுவிட்டு இருசக்கர வாகனத்தில் திரும்பியவர் டிப்பர் லாரி மோதி உயிரிழந்தார். முதலில் விபத்தாகத்தான் பார்க்கப்பட்டது. இது கொலை என்று அவரது மனைவி புகார் கொடுத்த பிறகே வழக்கின் போக்கு மாறியது. குவாரி உரிமையாளர்கள் உள்ளிட்டோர் கைதானார்கள். விசாரணை சிபிசிஐடிக்குப் போனது. காவல் ஆய்வாளர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

கைதுகளைவிட நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மனு கொடுத்த விவரம் குவாரித் தரப்புக்குக் கசிந்தது என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. கசியவிட்டவருக்கு என்ன தண்டனை?

தண்டனை எழுதப்பட்டிருக்கிறது. முறைகேட்டை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம், 2014-ன்படி புகார்தாரரின் அடையாளத்தை வெளியிடுபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். நெடுஞ்சாலை ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003-ல் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு எழுந்த கோரிக்கையின் பலன் இது. குடியரசுத் தலைவர் 2014 மே மாதம் ஒப்புதல் தந்தார். ஆனால் நடைமுறைக்கு வரும் தேதியை ஒன்றிய அரசு அறிவிக்கவே இல்லை. தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி 2015-ல் கொண்டுவந்த திருத்த மசோதா மக்களவையில் மட்டும் நிறைவேறி, 2019-ல் காலாவதியானது. திருமயத்துக் கல்லுக்கும் தேசப் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்?

அரசு ஊழியராக இருந்தாலும் இதே கதிதான். மணல் கடத்தலைப் புகார் செய்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் தன் அலுவலகத்திலேயே வெட்டப்பட்டு இறந்தார். அந்த ஆண்டே இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தீர்ப்பு விரைவாக வந்தது நல்லதுதான், ஆனால் அது கொலைக்குப் பிறகு வந்த நீதி.

ஒரு மனு எப்படிப் பயணம் செய்கிறது என்று பாருங்கள். பாக்சைட் வெட்டப்பட்ட கொல்லிமலையையே எடுத்துக்கொள்வோம். அங்கே ஒருவர் மண்ணோ மரமோ திருடு போவதைக் கண்டால், 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, நாமக்கல் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். மேல்நடவடிக்கைக்கு என்று முத்திரை குத்தி அந்த மனு பெயர், முகவரி, கைபேசி எண்ணோடு அதே மலைக்கு, செம்மேடு தாலுகா அலுவலகத்துக்கே திரும்பி வரும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் அதன் பிறகு ரகசியம் ஏது?

சாட்சிகளுக்காவது 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. ஆனால் வழக்கே பதிவாகாத நிலையில் மனு கொடுப்பவர் சாட்சி ஆகமாட்டார். டெல்லி தேதி குறிக்கும் வரை தமிழக அரசு காத்திருக்க வேண்டியதில்லை. கனிமக் கொள்ளை மனுக்களில் பெயரையும் முகவரியையும் மறைத்து, விஷயத்தை மட்டும் கீழே அனுப்புமாறு கலெக்டர்களுக்கு ஓர் அரசாணை போட்டால் போதும்.