பாலர் பள்ளியில் பென்சிலுக்கு என்ன அவசரம்?

ஐந்து வயதுப் பிள்ளை என்ன கற்றது என்று கேட்டால் எழுதிய நோட்டைத்தான் எடுத்துக் காட்டுகிறோம். மலேசியாவில் புக்கிட் பெலண்டோக் போன்ற தோட்டப்புறங்களில் சிறிய தனியார் பாலர் பள்ளி நடத்துவோருக்கு இதுவே பெரிய நெருக்கடி. மாதக் கட்டணம் கட்டும் பெற்றோர் பலனைக் கண்ணால் காண விரும்புகிறார்கள். பள்ளியும் பக்கம் பக்கமாக எழுத வைத்துவிடுகிறது.

பெற்றோரின் பதற்றத்தில் நியாயம் உண்டு. விடியுமுன் பால்மரம் வெட்டப் போன தாய்மார் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்ற காலத்தை நம் குடும்பங்கள் மறக்கவில்லை. அங்கே காவல் கிடைத்தது, கல்வி கிடைக்கவில்லை. முதலாம் ஆண்டில் தம் பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது என்ற தவிப்பு அங்கிருந்து வருகிறது. அந்தத் தவிப்பைத் தீர்க்கும் வழிதான் பிசகிவிட்டது.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. 2003 முதல் தேசியக் கலைத்திட்டம் தனியார் பாலர் பள்ளிகளுக்கும் கட்டாயமானது. விளையாட்டின் வழி கற்பதை அது வலியுறுத்துகிறது.

தமிழுக்கு இது இன்னும் பொருந்தும். 'பல்', 'பால்' இரண்டையும் காது பிரித்தறிந்த பிள்ளைக்குக் குறிலும் நெடிலும் எளிதில் பிடிபடும். கதை கேட்டு, பாடி, கேள்வி கேட்டுப் பழகாத பிள்ளைக்கு 247 எழுத்தும் வெறும் கோடுகளே. விரலுக்கும் பயிற்சி வேண்டும்: களிமண் பிசைதல், மணி கோத்தல், மணலில் எழுதுதல். 1789இல் சென்னை எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் இல்லத்திலும் அதைக் கொண்டுவந்தார். அந்த முறை இங்கிலாந்து வரை சென்றது. நாமோ நம் கைமுதலை மறந்து பயிற்சித்தாள் அச்சடிக்கிறோம்.

சிறிய பள்ளியின் பலம் அதன் சிறிய எண்ணிக்கை. எந்தப் பிள்ளை வாய் திறப்பதில்லை, எதற்குக் கத்தரிக்கோல் பிடிக்க வரவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரியும். எல்லாரையும் ஒரே பக்கத்தை எழுத வைத்தால் அந்தப் பலம் வீணாகிறது.

பள்ளிகள் மாதம் ஒருமுறை பெற்றோரை அழைத்து, பிள்ளைகள் தமிழில் கதை சொல்வதையும் மலாயில் நலம் விசாரிப்பதையும் நேரில் கேட்கச் செய்யட்டும். அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு ஆசிரியர்களோடு கலந்து பேசி, பிள்ளைக்கு எது முன்கூட்டி வேண்டும், எது காத்திருக்கலாம் என்று முடிவுசெய்யட்டும். நோட்டு நிரம்பாவிட்டாலும் பிள்ளை வளர்வதைப் பெற்றோர் அப்போது நம்புவார்கள்.