உண்ணிக் காய்ச்சலும் நமது வெட்கமும்

மழைக்காலம் வந்துவிட்டால் நமது கலசப்பாக்கம் பக்கத்தில் காய்ச்சலும் கூடவே வந்துவிடும் என்பது யாவரும் அறிந்த சங்கதியாகும். செய்யாற்றங்கரையில் களையெடுக்கின்றவர், பர்வதமலை அடிவாரத்தில் ஆடு மேய்க்கின்றவர், ஆரணிப் பட்டுக்குத் தறி போடுகின்றவர், இவர்களில் யார் வீட்டில் ஒருவர் படுத்தாலும் நடப்பது என்ன? முதல் இரண்டு நாள் கஷாயம். அப்புறம் பூசாரியிடம் திருநீறும் மந்திரித்த கயிறும். அதற்கும் தணியவில்லை என்றால் ஓர் ஊசி. பிறகு ஒரு ரத்தப் பரிசோதனை. ‘டைபாய்டு’ என்று ஒரு சீட்டு. பத்தாம் நாள் மூச்சு வாங்குகின்றபோதுதான் வேலூருக்கு வண்டி. அங்கும் பிழைக்கவில்லை என்றால் “விதி முடிந்தது” என்று ஒரே வார்த்தையில் கணக்கை முடித்து விடுகின்றோம்.

அந்த விதிக்குப் பல சமயங்களில் ஒரு பெயர் உண்டு. டாக்டர்கள் அதை ஸ்க்ரப் டைபஸ் என்கின்றார்கள். பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றார்கள். இது மாட்டு உண்ணியால் வருவதல்ல. புதரிலும் புல்லிலும் இருக்கின்ற, கண்ணுக்குத் தெரிவதே அரிதான ஒரு சிறு பூச்சியின் குஞ்சு கடிப்பதால், ஓரியன்ஷியா என்னும் பாக்டீரியா உடம்பில் ஏறி உண்டாவது. வயல் எலியும் மூஞ்சூறும் இப்பூச்சியைச் சுமந்து வீட்டுக் கொல்லை வரையில் கொண்டுவருகின்றன. மூஞ்சூறு பிள்ளையாருக்கு வாகனமோ இல்லையோ, இந்தப் பூச்சிக்கு வாகனம் என்பது நிச்சயம்.

இது எங்கேயோ உள்ள நோய் என்று எண்ண வேண்டாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாரும் லண்டன் ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, 2020 முதல் 2022 வரையில், நமக்குப் பக்கத்து வேலூர் வட்டாரத்தில் 37 கிராமங்களில் 32,000க்கு மேற்பட்ட மக்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அதன் முடிவு 2025ல் வெளியாயிற்று. ஆண்டொன்றுக்கு நூற்றுக்குப் பத்துப் பேர் வரையில் இக்கிருமி தொற்றுகின்றது என்று கண்டார்கள். பெரும்பாலோர் நோயின்றியே தப்பிவிடுகின்றார்கள். தப்பாதவர்களுக்கோ காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி, இருமல் என்று துவங்கி, கவனியாது விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரையில் போய்விடுகின்றது.

நிற்க, இந்நோய்க்கு இயற்கையே ஓர் அடையாளம் வைத்திருக்கின்றது. பூச்சி கடித்த இடத்தில், பீடி நெருப்புச் சுட்டது போன்ற ஒரு கரும்பொருக்கு உண்டாகின்றது. வலிக்காது, அரிக்காது, ஆகவே நோயாளிக்கே தெரியாது. அதுவும் எங்கே இருக்கும்? கக்கத்தில், தொடையிடுக்கில், மார்பின் அடியில், இடுப்பில் துணி இறுக்கும் இடத்தில், காதின் பின்புறத்தில். அதாவது, மானம் மானம் என்று நாம் மூடி வைக்கின்ற இடங்களிலேயே பெரும்பாலும் இருக்கின்றது.

உடம்பு என்பது அசுத்தம், அதைக் காட்டுவது பாபம், அதிலும் பெண்ணின் உடம்பு பேசவும் தகாதது என்று தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வைத்திருக்கின்றோம். அதன் பலன், ஒரு தாய் நூற்றுமூன்று டிகிரிக் காய்ச்சலிலும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு டாக்டர் முன் உட்காருகின்றாள். அவரோ அவளைத் தொடாமலே மூன்று மருந்து எழுதி அனுப்புகின்றார். நோயாளியைத் தொட்டுப் பாராத வைத்தியமும் ஒருவகைத் தீண்டாமைதான் என்பது நமது அபிப்பிராயம். டாக்டர் ஆண் என்றால் ஒரு நர்சம்மாளைக் கொண்டாவது பார்க்கச் சொல்லக்கூடாதா? வீட்டில் அக்காளோ தங்கையோ ஒரு விளக்கை வைத்துக்கொண்டு பார்க்கக்கூடாதா?

பூசாரியைக் கண்டு சிரிக்கின்ற நமது தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கயிற்றை நம்பாதவர்கள் சீட்டை அப்படியே நம்புகின்றார்கள். டைபாய்டுக்கென்று செய்யும் வைடால் பரிசோதனை பல சமயம் தவறான விடை தரக்கூடியது. அதை நம்பிப் போடப்படும் பென்சிலின் வகை, செஃப்ட்ரியாக்சோன் வகை ஊசிகள் உண்ணிக் காய்ச்சலின் கிருமியை ஒன்றும் செய்வதில்லை. இந்நோய்க்கென்று உள்ள எலைசா ரத்தப் பரிசோதனையுங்கூட முதல் சில நாட்களில் ஒன்றும் காட்டாமற் போகலாம். பொருக்கும் எல்லோருக்கும் இருப்பதில்லை. இல்லை என்பதால் நோயே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆகவே, எந்தக் காகிதமும் ஒரு மனிதனின் கண்ணுக்கும் யோசனைக்கும் பதிலாகாது. கேள்வி கேளாமல் நம்புவது கயிறானால் என்ன, காகிதமானால் என்ன?

1948க்கு முன் இதற்கு மருந்தே இல்லை. இரண்டாவது உலக யுத்தத்தில் பர்மாக் காடுகளில் எத்தனையோ சிப்பாய்கள் இதற்கு இரையானார்கள். 1948ல் மலேயாவில்தான் குளோராம்பெனிக்கால் இதைக் குணப்படுத்தும் என்று கண்டார்கள். இன்றோ டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை இருக்கின்றது. கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின் இருக்கின்றது. காலத்தில் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றினால் ஒன்றைமட்டும் ஏற்றுவதைவிடக் கெடுதல்கள் குறைகின்றன என்று இந்தியாவில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2023ல் காட்டியது. ஆனால் அதிலுங்கூட இறந்தவர் தொகையில் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. இதிலிருந்து விளங்குவது என்ன? முற்றவிட்டபின் சிறந்த மருந்துங்கூட முழுதாக உதவுவதில்லை என்பதே. சந்தேகம் வந்தபோதே, பரிசோதனைக்குக் காத்திராமல், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்தைத் துவக்கிவிடலாம் என்று 2015ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதலே சொல்லிவிட்டது.

ஆதலால் நாம் வேண்டுவது பெரிய காரியம் ஒன்றுமில்லை. காய்ச்சல் ஐந்து நாளைக் கடந்தால் உடம்பு முழுவதும் பாருங்கள். பொருக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் போய், “புதரில் வேலை செய்தேன், இது உண்ணிக் காய்ச்சலாக இருக்குமா?” என்று வாய்திறந்து கேளுங்கள். மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கி விழுங்க வேண்டாம். வயலிலிருந்து வந்தால் குளித்துத் துணியை மாற்றுங்கள். கொல்லைப் புதரை வெட்டுங்கள். சுகாதார நிலையத்தில் இந்த மாத்திரை இருக்கின்றதா என்று பஞ்சாயத்தில் கேட்டுவையுங்கள்.

கோவிலுக்கு நேர்ந்துகொள்வதற்கு வெட்கப்படாத நாம், நமது உடம்பைப் பார்ப்பதற்கு வெட்கப்படுகின்றோம். எந்த வெட்கம் மானத்தைக் காக்கின்றது, எந்த வெட்கம் ஆளைக் கொல்லுகின்றது என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்க வேண்டுகின்றோம்.