செல்போனில் மாட்டுச் சந்தை: கடைக்காரர்கள் கவனத்துக்கு



ஆடு மாடு விற்பனையைப் பற்றி மளிகை வியாபாரிகள் படிக்கும் இதழில் எழுத என்ன இருக்கிறது என்று வெளியூர் அன்பர்கள் கேட்கலாம். நம் தர்மபுரி மாவட்டத்தில் கடை வைத்திருப்பவர்கள் கேட்க மாட்டார்கள். நல்லம்பள்ளி, காரிமங்கலம், பென்னாகரம் சந்தைகளில் ஆடு நன்றாக விலை போனதா இல்லையா என்பதை மறுநாள் நம் கல்லாப்பெட்டியே சொல்லிவிடும். இது மழையை நம்பிய பூமி. ராகியும் நிலக்கடலையும் கைவிட்டால் குடியானவர் வீட்டில் காசாக மாறக்கூடியது பட்டியில் நிற்கும் ஆடு மட்டுமே. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் இரண்டு கிடாய் கைமாறும். அந்தப் பணத்தில்தான் நம் பாக்கி நோட்டில் ஒரு பக்கம் தீரும். நான் 40 ஆண்டுகளுக்கு மேலாகப் புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். ஆட்டு விலை எனக்கு ஊர்ச் செய்தி அல்ல, வசூல் கணக்கு.

அந்த விற்பனை இப்போது மெள்ள மெள்ளச் செல்போனுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. பழைய கார், கட்டில், மேஜை விற்க 2006-ல் தொடங்கிய ஓஎல்எக்ஸ் கம்பெனியின் பக்கங்களில் நம் நாட்டில் எருமையும் பசுவும் கூட விளம்பரமாக வந்தன. 2016 நவம்பர் 26-ந் தேதி, தேசிய பால் தினத்தன்று, மத்திய அரசே 'இ-பசுஹாட்' என்ற இணையச் சந்தையைத் திறந்தது. 2019-ல் பெங்களூரில் இரண்டு இளம் பெண்கள் 'அனிமால்' என்று மாடு விற்கவும் வாங்கவும் மட்டுமே ஒரு செயலியைத் தொடங்கினார்கள். 2020-ல் கொரோனா ஊரடங்கில் சந்தைகள் மூடப்பட்டபோது, பக்ரீத் ஆடுகளை ஆன்லைனிலோ போனிலோ வாங்கிக்கொள்ளுங்கள் என்று மகாராஷ்டிர அரசு அறிவித்தது. அதே ஆண்டு வங்கதேசத்தின் டாக்காவில் குர்பானி மாடுகளுக்காக 'டிஜிட்டல் ஹாட்' திறந்தார்கள். நம் பக்கத்தில் இவ்வளவு பெரிய பெயரெல்லாம் தேவைப்படவில்லை. வாட்ஸ்அப் குழுவும் யூடியூப் வீடியோவும் போதுமாக இருந்தன. பேஸ்புக் கம்பெனி தன் சந்தைப் பக்கத்தில் விலங்கு விற்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. விதி இருந்தாலும் குழுக்களில் 'கன்றுடன் பசு, விலைக்கு உள் பெட்டியில் வரவும்' என்று போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நம்மில் பலர் இதையும் ஆன்லைன் வர்த்தகம் என்ற ஒரே மூட்டையில் கட்டி எதிர்க்கச் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. பெருங்கம்பெனிகள் நஷ்டத்துக்கு விற்று நம் வாடிக்கையைப் பிடுங்குவது வேறு. மொரப்பூர்ப் பக்கத்துக் குடியானவர் தன் கிடாயைப் படம் பிடித்துப் போட்டு ஓசூர் ஆளுக்கு விற்பது வேறு. சந்தையில் தரகர் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். துண்டுக்குள் என்ன நடந்தது என்று மாட்டுக்காரருக்கே பாதிதான் தெரியும். வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், சுங்கம் கட்டி, வெயிலில் நின்று, விலை படியாவிட்டால் சாயங்காலம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு வரவேண்டும். திருப்பி ஓட்டிவர மறுபடியும் வண்டி வாடகை யார் கொடுப்பது? இன்று உயிர் எடை கிலோ என்ன விலை என்று வீட்டிலிருந்தே நாலு இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். சேலம் கருப்பு ஆடு, மேச்சேரி செம்மறி என்று இனத்தின் பெயர் சொல்லி வாங்குகிறவர்களும் தூரத்திலிருந்து வருகிறார்கள். குடியானவருக்கு இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் அதில் ஒரு பங்கு நம் கடைக்கும் வரும். இதை எதிர்த்துத் தீர்மானம் போடுவது நம் வயிற்றில் நாமே அடித்துக்கொள்வது.

ஆனால் சந்தையில் ஒன்று இருந்தது, செல்போனில் அது இல்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். நடக்கவிட்டுப் பார்க்கலாம். மடியைத் தொட்டு நாலு காம்பிலும் பால் வருகிறதா என்று பீய்ச்சிப் பார்க்கலாம். வீடியோவில் மடி பெரிதாகத் தெரிய ஒரு வேளை கறக்காமல் விட்டால் போதும். 'வேளைக்குப் பத்து லிட்டர்' என்று எழுதுவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது சாட்சி. கயிறு மாறும்போது பத்துப் பேர் நிற்பார்கள். தரகர் எந்த ஊர், யார் மகன் என்று தெரியும். அவர் தரகு தின்கிறவர்தான், ஆனாலும் அடுத்த வாரமும் அதே சந்தையில் முகம் காட்டியாக வேண்டும். செல்போனில் எண்ணை மாற்றிக்கொண்டால் முகமே மாறிவிடுகிறது.

ஏமாற்று எப்படி நடக்கிறது என்று ஒவ்வொரு கடைக்காரரும் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் படம் பார்த்து ஆசைப்படும் குடியானவர் முதலில் நம் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் யோசனை கேட்பார். கிர் பசு, முர்ரா எருமை, அழகான படம், பாதி விலை. ஊர் குஜராத் அல்லது ஹரியானா என்பான். முதலில் அச்சாரம் மட்டும் கேட்பான். பிறகு வண்டி வாடகை, இன்ஷூரன்ஸ். பிறகு செக்போஸ்ட்டில் வண்டி நிற்கிறது, ஜிஎஸ்டி கட்ட வேண்டும் என்று ஒரு ரசீதையும் அனுப்புவான். இந்த இடத்தில் நாம் பேசலாம். உயிருள்ள பசு, எருமை, ஆடு, செம்மறிக்கு ஜிஎஸ்டி கிடையாது. வரி உள்ளது குதிரைக்குத்தான். ஜிஎஸ்டி ரசீது வந்தாலே அது பொய் ரசீது என்று வரி கட்டிப் பழகிய நாம் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்? விற்கிறவர்களுக்கு வேறு பொறி. முழுப் பணமும் அனுப்புகிறேன், இந்தக் க்யூஆரை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள் என்பான். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் எப்போதும் தேவையில்லை, கொடுப்பதற்குத்தான் தேவை. ஏமாந்தவர் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

இனி நம் கடை விஷயம். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

விற்கிறவரிடம் வங்கிக் கணக்கு இருக்கிறது, யூபிஐ இல்லை. வாங்க வந்தவர் கையில் ரொக்கம் இல்லை என்கிறார். உடனே நம் கடைக்கு வருகிறார்கள். "அண்ணா, உங்க கடை நம்பருக்குப் போடச் சொல்றேன், காசாக் குடுத்துடுங்க." வாடிக்கைக்காரர், மறுக்க முடியவில்லை. பழைய பாக்கியும் பிடித்துக்கொள்ளலாம் என்ற ஆசை வேறு. ஸ்கேன் செய்கிறார்கள், பெட்டி சத்தம் போட்டு வரவு சொல்கிறது, நாம் ரொக்கத்தை எண்ணிக் கொடுக்கிறோம். ஆடு வண்டி ஏறிப் போய்விடுகிறது.

வந்த பணம் எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியாது. எங்கோ ஒருவரை ஏமாற்றி எடுத்த பணமாக இருந்தால், அவர் 1930-க்குப் புகார் கொடுத்ததும் போலீசார் அந்தப் பணம் எந்தெந்தக் கணக்குகள் வழியாகப் போனது என்று பின்தொடர்கிறார்கள். முதல் கணக்கு, இரண்டாவது, மூன்றாவது என்று வழியில் உள்ள கணக்குகளில் பணத்தை நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். சில வேளை அந்தத் தொகை மட்டும் நிற்கும், சில வேளை கணக்கு முழுவதுமே நிற்கும். குற்றத்தோடு தொடர்புடைய சொத்தை முடக்கி வைக்கப் போலீசுக்கு அதிகாரம் உண்டு. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 106-வது பிரிவு. ஆட்டுக்காகத்தான் வாங்கினேன் என்று நாம் சொல்லலாம். ஆடு எங்கே? போய்ச் சேர்ந்த இடம் தெரியாது. ரொக்கம் கொடுத்ததற்கு ரசீதும் கிடையாது.

என்னிடம் சரக்கெடுக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரருக்கு இது நடந்தது. இரண்டு கிடாய்ப் பணம், ரூ.18,000. எனக்குக் கொடுத்த செக் திரும்பி வந்த பிறகுதான் அவருக்கே விஷயம் தெரியும். வங்கியில் கேட்டால் வேறு மாநிலப் போலீஸ் கடிதம் என்று ஒரு எண்ணைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் கணக்கில் அவருடைய எண்ணெய், அரிசிச் சரக்குக்கான பணம் எல்லாம் கிடந்தது. நான் பொறுத்துக்கொண்டேன். எல்லா மொத்த வியாபாரிகளும் பொறுப்பார்கள் என்று சொல்ல முடியாது.

இன்னொரு கோணமும் இருக்கிறது. 2025 ஜூலையில் பக்கத்துக் கர்நாடகத்தில் வணிகவரித் துறையினர் யூபிஐ வரவுகளைக் கூட்டிப் பார்த்துச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, பெரிய கூச்சல் ஆனது. சரக்கு விற்கும் கடைக்கு ஆண்டு விற்பனை ரூ.40 லட்சம் என்ற எல்லை இருக்கிறது. ஊரார் ஆட்டுப் பணமெல்லாம் நம் க்யூஆரில் விழுந்தால் அதுவும் நம் விற்பனையாகத்தான் காகிதத்தில் தெரியும். இல்லை என்று நிரூபிக்கும் வேலை நம் தலையில் விழும்.

என் அபிப்பிராயம் இதுதான்: ஆட்டுப் பணத்தைக் கடைக் கணக்கில் வாங்காதீர்கள். வாடிக்கைக்காரர் கோபித்துக்கொண்டால் இரண்டு நாள் கோபித்துக்கொள்ளட்டும். வெறுமனே மறுத்து அனுப்பவும் வேண்டாம். விற்கிறவரின் பாஸ்புக் முதல் பக்கத்தில் உள்ள கணக்கு எண்ணும் ஐஎப்எஸ்சி எண்ணும் இருந்தால் வாங்குகிறவர் தன் செல்போனிலிருந்தே நேராக அவர் கணக்குக்கு அனுப்ப முடியும். விற்கிறவரிடம் பட்டன் போன் கூடத் தேவையில்லை. பணம் ஏறியதா என்று வங்கியில் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு கயிற்றைக் கொடுக்கலாம். எடுப்பதற்கு வங்கி வரை போக முடியாதவர் தபால்காரரிடமே கைரேகை வைத்து எடுத்துக்கொள்ளலாம். இதை எடுத்துச் சொல்ல நமக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

எப்படியும் தட்ட முடியாத உறவுக்காரர், அவசர ஆஸ்பத்திரிச் செலவு என்றால், ஆடும் வாங்குகிறவரும் கண்ணெதிரில் இருக்கும்போது மட்டும் வாங்குங்கள். விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், போன் எண், வண்டி எண் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். மாடாக இருந்தால் காதில் உள்ள மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண்ணையும் எழுதுங்கள். கணக்கு முடங்கினால் காட்டுவதற்கு அந்த ஒரு பக்கமாவது இருக்கும்.

சந்தையைப் பற்றியும் சங்கம் பேச வேண்டும். விலையைச் செல்போனில் பேசட்டும், கயிறு சந்தையில் மாறட்டும் என்பது என் யோசனை. அதற்கு ஆள் வர வேண்டுமானால் சந்தையில் ஏதாவது இருக்க வேண்டும். ஆண்டுதோறும் சந்தையைக் குத்தகைக்கு ஏலம் விட்டு உள்ளாட்சிகள் வருமானம் பார்க்கின்றன. கால்நடைக்கு நிழலும் தண்ணீரும், உயிர் எடை போட ஒரு தராசும், சந்தை நாளில் ஒரு கால்நடை மருத்துவரும் கேட்பது பெரிய கோரிக்கை அல்ல. 2022-ல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் தோல் கழலை நோயால் ஏராளமான மாடுகள் மாண்டன. நோய் கண்ட மாடு படத்தில் நன்றாகத்தான் தெரியும், வண்டி ஏறி நம் ஊர்ப் பட்டிக்குள் வந்த பிறகு பார்த்துப் பயனில்லை. மாடு செத்த வீட்டில் புண்ணாக்குப் பாக்கி கேட்டுப் போய் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த செயற்குழுவில் இதற்கென்று ஒரு மனு தயாரித்துப் பேரூராட்சி, ஒன்றிய அலுவலகங்களுக்குக் கொடுக்கலாம் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்து வாங்க நான் வருகிறேன். என் கிடங்கில் 300 கிலோ வரை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு ஒன்று சும்மா கிடக்கிறது. இடம் கொடுத்தால் முத்திரை புதுப்பித்துச் சந்தைக்குத் தருகிறேன். மாட்டுக்குப் போதாது, ஆட்டுக்கு ஆகும்.