துணைவேந்தருக்குத் தீர்க்கப்படாத கடன்

2006 ஆம் ஆண்டு டிசம்பர் 15 ஆம் திகதி, கொழும்பு பௌத்தாலோக மாவத்தையில், உயர் பாதுகாப்பு வலயத்தின் நடுவே, பகல் வேளையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பேராசிரியர் சிவசுப்பிரமணியம் இரவீந்திரநாத் காணாமற் போனார். இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் ஆண்டு மகாநாட்டுக்குச் சென்ற அந்த விவசாய விஞ்ஞானி வீடு திரும்பவில்லை. முச்சக்கர வண்டியிற் செல்லும் தமிழன் சந்திக்குச் சந்தி அடையாள அட்டையை நீட்டிக் கைகட்டி நிற்கவேண்டியிருந்த காலம் அது. ஒரு துணைவேந்தரை ஏற்றிச் சென்ற வாகனத்தை மறித்து, "இவரை எங்கே கொண்டு போகிறீர்கள்?" என்று கேட்பதற்கு ஒரு சாவடியிலாவது ஒரு நா இருக்கவில்லையா?

அன்று கேட்கப்பட்ட இந்தக் கேள்விக்கு இன்றும் விடையில்லை. ஆண்டுக்கொரு முறை ஒரு படத்துக்கு மாலை, ஓர் இரங்கலுரை, மறுநாள் மறதி. இதற்கு அஞ்சலி என்று பெயரிட்டு நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். உண்மையைச் சொன்னால் அவர் எல்லாத் தரப்பாருக்கும் வேண்டாதவராகிப் போனார். அவர் மறைந்த இடம் அரசாங்கத்தின் முழுக் காவலில் இருந்தபடியால், அப்பெயரை உச்சரிக்க ஆட்சியாளருக்கு நா எழவில்லை. கொண்டு போனவர்கள் தமிழர்கள் என்ற ஐயம் அன்றே எழுந்தபடியால், தமிழ் மேடைகளிலும் அப்பெயர் மெல்லவே ஒலித்தது. படையினனின் குண்டுக்கு இரையானவனுக்கு நம்மிடம் கவிதையுண்டு, கொடியுண்டு, ஊர்வலமுண்டு. தமிழன் கையால் மறைந்த தமிழனைப் பற்றிப் பேசவந்தால் மட்டும் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

அவர் காத்து நின்றது எதனை என்பதை இளந்தலைமுறை அறியவேண்டும். செங்கலடிக்கு வடக்கே வந்தாறுமூலையில் 1981 ஆகஸ்டில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி பிறந்தது. 1986 அக்டோபரில் அது பல்கலைக்கழகமாயிற்று. விஞ்ஞானமும் விவசாயமுமே அதன் முதற் பீடங்கள். வாவியின் உவர் ஏறும் வயலுக்கு எந்த நெல் பொருந்தும் என்று படுவான்கரை உழவனின் மகனே ஆராய்ந்து சொல்லும் நாள் வருமென்று நம் பெரியோர் கனவு கண்ட கூடம் அது. நான்கே ஆண்டுகளில், 1990 இல், அந்த வளாகம் அகதி முகாமாயிற்று. சுற்றுக் கிராமத்து மக்கள் விரிவுரை மண்டபங்களில் உலை வைத்தார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 5 ஆம் திகதி இராணுவத்தினர் அங்கிருந்து 158 பேரை ஏற்றிச் சென்றார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. அத்தகைய ஓரிடத்தில் மீண்டும் கரும்பலகையை நிறுத்தி, மாணவரை அழைத்து, ஆசிரியரைத் தேடிக் கொண்டுவந்து, சோதனைக் கூடத்தைத் திறப்பது இலகுவான காரியமா? பாலங் கட்டுவதையும் பாதை போடுவதையும் மட்டுமே புனர்நிர்மாணம் என்று எண்ணுவோர், போரினால் சிதைந்த நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தை உயிரோடு வைத்திருந்தவர்களைக் கணக்கில் எடுப்பதேயில்லை. விவசாய பீடத்தின் பீடாதிபதியாகவும் பின்னர் துணைவேந்தராகவும் இரவீந்திரநாத் செய்தது அந்தப் பணியையே. 2004 டிசம்பர் 26 இன் கடற்கோள் கரையோரத்தை அள்ளிச் சென்ற பின்னர் அப்பணியின் சுமை இருமடங்காயிற்று.

அதே 2004 மார்ச்சில் விடுதலைப் புலிகள் இயக்கம் இரண்டாகப் பிளந்தது. அதன்பின் கிழக்கில் யார் யாருக்கு ஆணையிடுவது என்பதே வழக்காயிற்று. வடக்கான், கிழக்கான் என்ற நஞ்சு கல்விக் கூடத்திலும் கலந்தது. 2006 செப்டம்பர் 30 அன்று கலை கலாசார பீடாதிபதி பால சுகுமார் கடத்தப்பட்டார். துணைவேந்தர் பதவி துறந்தாலே அவர் விடுவிக்கப்படுவார் என்பது கடத்தியோரின் நிபந்தனை. இரவீந்திரநாத் ஒருகணமும் பதவியைப் பற்றிக்கொண்டு நிற்கவில்லை. அக்டோபர் 2 ஆம் திகதி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு இராஜினாமாக் கடிதத்தைக் கையளித்தார். பீடாதிபதி பின்னர் விடுவிக்கப்பட்டார். சக ஆசிரியரின் உயிருக்காகத் தன் ஆசனத்தை ஈடுவைத்த அந்தச் செயல் ஒன்றே அவர் தரத்தை அளக்கப் போதும். ஆணைக்குழுவோ இராஜினாமாவை ஏற்காது, கொழும்பிலிருந்து கடமையாற்றுமாறு அவரைப் பணித்தது.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். கத்தி முனையில் எழுதுவித்த கடிதம் இராஜினாமா ஆகாது. ஏற்கப்படாத கடிதம் எவரையும் பதவியிலிருந்து இறக்காது. ஆகவே டிசம்பர் 15 அன்று மறைந்தவர் "முன்னாள்" எவருமல்லர், பதவியிலிருந்த துணைவேந்தர். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி துணைவேந்தரை நியமிப்பவர் சனாதிபதி. தன் கையால் நியமித்த உத்தியோகத்தரை, தன் தலைநகரில், தன் காவலாளரின் கண்முன் இழந்த அரசாங்கம், "எமக்குத் தெரியாது" என்ற ஒற்றைச் சொல்லோடு ஒதுங்க உரிமையுடையதா? கடத்தியவன் எவனாயினும் ஆகுக. காவல் எவனுடையது?

உலகம் தன் சேவையாளரை எப்படி நினைக்கிறது பாருங்கள். 2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாத்தில் குண்டுவெடிப்பில் ஐக்கிய நாடுகள் தூதுவர் செர்ஜியோ வியேரா டி மெல்லோவும் வேறு 21 பேரும் மாண்டார்கள். அந்நாள் இன்று உலக மனிதாபிமான தினம். நம் நாட்டில், 2006 ஆகஸ்ட் 4 அன்று, கடற்கோளால் நொந்த மக்களுக்கு உதவ மூதூருக்குச் சென்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் பணியாளர் 17 பேர் தம் அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தமிழர் 16 பேர், முஸ்லிம் ஒருவர். அந்தத் திகதி நமது எத்தனை பாடசாலைகளில் நினைவுகூரப்படுகிறது?

"பழைய புண்ணை ஏன் கிளறுகிறீர்கள்? பிள்ளைகள் படிக்கட்டும், வேளாண்மை நடக்கட்டும்" என்பார் சிலர். இவர்களுக்கு விடை சொல்ல நம் வட்டவிதானையாரே போதும். மதகுக் காவலுக்குப் போன வட்டவிதானையார் இரவில் காணாமற் போனால், கண்டத்து விவசாயிகள் மறுநாட் காலை ஒன்றும் நடவாததுபோல் வாய்க்காலைத் திறந்து தண்ணீர் பாய்ச்சுவார்களா? அவரைத் தேடாமல் மண்வெட்டியைத் தொடுவார்களா? நெற் காணிக்காரருக்குள்ள இந்தச் சாதாரண மானம் படித்தவர்களாகிய நமக்கு இல்லாமற் போனதே பெருங் கேவலம்.

2025 ஏப்ரல் 8 ஆம் திகதி, இக்கடத்தல் தொடர்பாகக் கிழக்கு மாகாண முன்னாள் முதலமைச்சர் சிவநேசதுரை சந்திரகாந்தனைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினர் மட்டக்களப்பிற் கைது செய்தனர். கைது தீர்ப்பாகாது, நீதிமன்றம் சொல்லும் வரை எவரையும் குற்றவாளியென நாம் எழுதமாட்டோம். ஆனால் அவர் 1979 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டதைக் கண்டு நம்மவரிற் சிலர் கைதட்டினார்கள். நம் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கிற் சிறையில் அழுகவிட்ட அதே சட்டம், நமக்குப் பிடிக்காத ஒருவர்மேற் பாய்ந்தவுடன் நல்ல சட்டமாகிவிட்டதோ? சாதாரண குற்றவியற் சட்டத்தின்படி, திறந்த மன்றில், சாட்சியத்தோடு வழக்கு நடத்தப்படவேண்டும். துணைவேந்தருக்கு வேண்டியது நீதி. பழிவாங்கலை அவர் பெயரால் நடத்துவதும் அவருக்குச் செய்யும் அவமதிப்பே.

2016 ஆம் ஆண்டின் சட்டம் காணாமற் போனோரின் குடும்பங்களுக்குக் காணப்படாமைக்கான சான்றிதழ் வழங்க இடமளிக்கிறது. 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வலிந்து காணாமலாக்குவதைக் குற்றமாக்கியுள்ளது. அச்சட்டம் முன்னைய செயல்களைத் தொடாது என்று அரசாங்க வழக்கறிஞர் வாதிடக்கூடும். அவர்களுக்கு நாம் கூறுவோம்: ஒருவரின் கதி மறைக்கப்பட்டிருக்கும் வரை அக்குற்றம் நாள்தோறும் தொடர்கிறது, இது நமது புது வியாக்கியானமன்று, இலங்கை கைச்சாத்திட்ட சர்வதேச சமவாயத்தின் கொள்கையே.

எனவே நாம் கேட்பது: விசாரணையிற் கண்டறியப்பட்ட அனைத்தும் நீதிமன்றத்தின் முன் வைக்கப்படவேண்டும், அன்றைய தினம் அவ்வலயத்துக்குப் பொறுப்பாயிருந்த அதிகாரிகளும் விசாரிக்கப்படவேண்டும், பேராசிரியர் இரவீந்திரநாத் பதவியில், கடமையில் இருந்தபோதே மறைந்தார் என்பதை அரசாங்கமும் மானியங்கள் ஆணைக்குழுவும் எழுத்திற் பதிவுசெய்யவேண்டும். சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, இவ்விண்ணப்பத்தில் உங்கள் கையொப்பம் முதலில் விழட்டும். கமக்கார அமைப்புகளின் கையொப்பங்களைச் சேர்க்க, வரும் பெரும்போக விதைப்புக்கு முன்னர் செங்கலடியிலிருந்து உன்னிச்சை வரை ஊரூராக வருகிறோம்.